இரட்டைக்கு என்ன கணக்கு

ஆண், பதினொன்று நாற்பதுக்கு.
பெண், பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு.
இடையில் பன்னிரண்டு நிமிடம்
குழித்துறை ஆஸ்பத்திரியில்
ஜன்னல் தகரத்து மழையைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.
அந்தப் பன்னிரண்டு நிமிடமும்
நான் எந்தச் சட்டத்துக்குள் இருந்தேன்?

அருமனைக்குப் பின்னே மேட்டில் எங்கள் சபை.
பதினாறு பெஞ்சு, ஒரு கீபோர்டு.
பழைய சட்டத்தில் ஒரு புள்ளியும் அழியவில்லை
என்பார் மூப்பர் சத்தியதாஸ்.
பால் ஊறுமென்று என் வீட்டுக்காரர்
குளச்சல் வரை போய் வாங்கிவந்த பால்சுறா
செதில் இல்லாத மீனென்று
நடையோடு திரும்பிப் போனது.

ஆண் என்றால் ஏழும் முப்பத்துமூன்றும்.
பெண் என்றால் பதினாலும் அறுபத்தாறும்.
கனகபாய் மைனி காலண்டரில்
நாற்பதில் ஒரு வட்டம் போட்டாள்,
எண்பதில் ஒன்று போட்டாள்,
பேனாவைக் கடித்தபடி கேட்டாள்:
‘மூப்பரே, இரட்டைக்கு என்ன கணக்கு?’

மூப்பர் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்தார்.
வனாந்தரத்தில் கூடாரம் அடித்தவர்கள்,
சட்டிக்குள் பல்லி விழுந்தால்
சட்டியை என்ன செய்ய என்றும் யோசித்தவர்கள்,
இதை யோசிக்கவில்லை.
அவர்கள் கதையில் வருகிற இரட்டைகள் எல்லாம்
ஆணும் ஆணும்.

ஜெபித்துச் சொல்கிறேன் என்று போனார்.

உள்முறியில் எனக்கொரு பாய்,
எனக்கொரு கிண்ணம்,
நொச்சி இலை வெந்த வெள்ளம்.
உள்ளதைச் சொன்னால், பிடித்துத்தான் இருந்தது.
ரப்பர் ஷீட் அடிக்க யாரும் கூப்பிடவில்லை.
ராத்திரி என் பாயில் வேறு கை வரவில்லை.
பெண் பெற்றால் இரட்டிப்பு ஓய்வு;
ஓய்வென்றே பெயர் வைத்திருக்கலாம்.
அசுத்தம் என்று வைத்தார்கள்.

நாலு மணிக்குத் தலைவிளக்கோடு
ஜெபசிங் வெட்டப் போவார்.
கீறின இடத்திலிருந்து சிரட்டைக்கு
வெள்ளையாய் இறங்கும்.
அந்த மரத்தைத் தொட்டவன் எவனும்
சாயங்காலம் வரை தீட்டுப்பட்டிருப்பதில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் தீர்ப்பு வந்தது:
நாற்பதுக்கு ஆண்பிள்ளையோடு வரலாம்.
பெண்பிள்ளை எண்பதுக்கு.

அவன் குடிப்பது இடது, அவள் குடிப்பது வலது.
அப்படியானால் நாளைக்கு
என் இடப்பக்கம் சுத்தம்;
வலப்பக்கத்துக்கு இன்னும் நாற்பது நாள்.
மைனி சிரிக்கவில்லை.

கடைசி பெஞ்சில் இருந்தேன், மடியில் அவன்.
இரண்டு புறாக் குஞ்சுகளுக்குப் பதில்
இரண்டு நூறு ரூபாய், கவரில்.
ஒன்று தகனத்துக்கு, ஒன்று பாவத்துக்கு.
‘எந்தப் பாவத்துக்கு?’
மைனி என் துடையில் கிள்ளினாள்.
மேலே உத்திரத்தில் நிஜப் புறாக்கள்
யாரையும் கேட்காமல் எச்சமிட்டன;
கீபோர்டின் மேல் ஒரு துண்டு விரித்திருந்தது.

மூப்பர் கண்ணை மூடி
தாயின் இரத்தத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.
அந்நேரம் வலப்பக்கம் சுரந்தது.
அரை மைலுக்கு அப்பால் அவள் அழுதிருக்க வேண்டும்.
ஜாக்கெட் நனைந்து, சீலை நனைந்து,
பெஞ்சில் ஒரு சொட்டு.
அதைத் துடைக்காமல் எழுந்தேன்.

ரப்பர் சருகில் வழுக்கி வழுக்கி இறங்கினேன்.
நடையில் ஜெபசிங், சாரத்தை மடித்துக் கட்டி,
பஞ்சில் சீனிவெள்ளம் நனைத்து
அவள் உதட்டில் வைத்துக்கொண்டு நின்றார்.
அவள் துப்பித் துப்பி அழுதாள்.
அவனை அவரிடம் கொடுத்தேன்,
அவளை வாங்கினேன்.
ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

காலண்டர் இன்னும் ஆணியில் கிடக்கிறது.
எண்பதைச் சுற்றின வட்டத்துக்குள்
அவர் கையெழுத்து:
ஷீட், நாற்பத்திரண்டு கிலோ.
ஒட்டுப்பால், ஆறு.