நாற்பதாவது நட்டு

நிமிடத்துக்குப் பதினெட்டுச் சொட்டு.
ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளந்தவன்,
என் கணக்குத் தப்பாது.
ராத்திரி முழுக்க ஒரு சிரட்டை.
விடிந்தால் அதில் செத்த பூச்சி ஒன்று,
ஊதாவும் பச்சையுமாய் ஒரு சவ்வு,
சவ்வின் மேல் மண்டபத்தின் வானம்.

பல்கீஸ் சொன்னாள்:
"அடுப்பு இந்தப் பக்கம் இருக்கு.
உங்க வண்டி அந்தப் பக்கம் போகட்டும்.
நடுவுல புள்ளைங்க இருக்கு."
தள்ளிக்கொண்டுபோய்
உடைமரத்தடியில் நிறுத்தினேன்.

எண்பத்து நாலாம் வருசத்து யெஸ்டி.
கிக்கருக்கும் கியருக்கும் ஒரே கம்பி.
வாங்கி ஆறு வாரம்.
கைமாற்றும்போது தோபியாஸ்
டேங்க்கைத் தட்டிக் காட்டினான்,
தர்பூசணி விற்கிறவன் மாதிரி.

இங்கே இரும்புக்கு இரண்டு பக்கமும் கடல்.
வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
வாடையில் ஒன்று, கச்சானில் மற்றது.
புருசன் பெண்டாட்டி சண்டையில்
குறுக்கே போன பிள்ளைபோல
இருவரிடமும் அடி வாங்கும் வண்டி.

குழாயை மூடி, சீட்டைத் தூக்கி
முன்னால் இரண்டு போல்ட்.
ஒன்று வந்தது.
ஒன்று வரமாட்டேன் என்றது.
மண்ணெண்ணெய் விட்டு
அஸர் வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு வந்தது,
எதுவுமே நடக்காத மாதிரி.

மடியில் கவிழ்த்தால் ஆட்டுக்குட்டிக் கனம்.
முழங்கால் ரப்பரை உரித்தேன்.
மடிப்பு ஓரத்தில், பெயிண்டுக்கு அடியில்
நகக்கண் அளவுக்கு
ரோஜா நிறத்தில் ஒரு பசை.
சுரண்டி முகர்ந்தேன்.
சோப்பு.
துவைக்கிற சோப்பு இல்லை, குளிக்கிற சோப்பு.
பெட்ரோலுக்கு அது பயப்படாது;
போன வாரத்து மழைக்குத்தான் கரைந்திருக்கிறது.

மிச்சத்தைக் காகிதத்தில் மடித்துச்
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
தோணித்துறைக்கு நடந்தேன்.
வழியெல்லாம் வார்த்தை அடுக்கினேன்.
நல்ல வார்த்தைகள், ஒவ்வொன்றும் காரமாய்.

அவன் வாசலில்
வள்ளத்து இன்ஜின் பிரிந்து கிடந்தது,
என் பணத்தில் வாங்கியது.
அதுவும் ஒழுகிக்கொண்டிருந்தது.

காகிதத்தைப் பிரித்தேன். பார்த்தான்.
"ஓட்டைக்கும் சேத்துத்தான் வெலைய கொறச்சேன்" என்றான்.
பிறகு, "சொல்லியிருக்கணும்."
பிறகு, கையைத் துடைத்துக்கொண்டே,
"ஈயம் இருக்கு, நவச்சாரம் இருக்கு. வா."
அடுக்கிய வார்த்தைகளை
அப்படியே திருப்பி எடுத்துவந்தேன்.

நாற்பது நட்டை எண்ணி உள்ளே போட்டு
இரண்டு பாட்டில் காடி ஊற்றி
ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம்.
மகரிப் பாங்கு கேட்டது.
கோயில் மணி கேட்டது.
ராமேசுவரம் ரயில் போனது.
எங்கள் சத்தம் எல்லாவற்றையும் மிஞ்சியது.
வெளியே வந்தது
கருவாட்டுக் குழம்பு நிறத்தில் நாற்பது வருசம்.

தட்டில் கொட்டி எண்ணினேன்: முப்பத்தொன்பது.
அவன் எண்ணினான்: முப்பத்தொன்பது.
கயிற்றில் காந்தம் கட்டி
டேங்க்கின் வாய் வழியே இறக்கினான்.
சுண்டினான், காத்திருந்தான்,
கொஞ்சம் தள்ளி இறக்கினான்.
கடலில் கிடைக்காத நாளில்
கரைக்குத் திரும்புவானே, அதே முகம்.
"கெடக்கட்டும்" என்றான்.

பல தடவை கழுவி,
ஆவி போக ஒரு நாள் வெயிலில் வைத்து,
தண்ணீர் நிரப்பி மூடியை இறுக்கி
மல்லாத்திப் போட்டோம்.
நெருப்பு மூன்று வீடு தள்ளி.
பற்றுக்கோல் பழுத்ததும்
பிள்ளைகளை விரட்டிக்கொண்டே ஓடிவந்தான்.
ஈயம் ஒரு கணம்
இலைமேல் மழைத்துளியாய் உருண்டு நின்றது.
அப்புறம் படர்ந்தது.
இருவரும் மூச்சு விட்டோம், பேசிவைத்த மாதிரி.

இப்போது சிரட்டை காய்ந்து கிடக்கிறது.
உச்சிப்புளி போகும் வழியில்
வேகத்தடைக்கு ஒரு 'டங்.'
பின்னால் பல்கீஸ் காதைச் சாய்த்தாள்.
"உள்ள என்னமோ கெடக்கே?"

"ரோடு சரியில்ல" என்றேன்.