குளவிக்காரிக்கு ஓர் எழுத்துரு

ஸூச் எமோகே குளவிக்கூடு அகற்றுகிறவள்.
செகெட் நகரத்தில், திஸா ஆற்றின் இரு கரையிலும்,
பரண், புகைபோக்கி, ஜன்னல் மேலுள்ள சுருள்கதவுப் பெட்டி,
எங்கே ரீங்காரம் கேட்டாலும் அவளுக்குத்தான் போன்.
வலைத்தளம் வேண்டுமென்று வந்தாள்.
கையில் யாருடையதோ கல்யாணப் பத்திரிகை.
"இந்த மாதிரி எழுத்து" என்றாள்.

நான் சிரிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.
அவள் பார்த்துவிட்டாள்.

"மற்றவர்களெல்லாம் மஞ்சள் கறுப்புப் பட்டை போட்டு
நடுவில் மண்டையோடு வைக்கிறார்கள்.
என்னைக் கூப்பிடுகிறவர்களுக்கு
ஏற்கெனவே கை நடுங்கிக்கொண்டிருக்கும்.
எழுத்தாவது நடுங்காமல் இருக்கட்டுமே."

அன்று மாலை முழுக்க எழுத்துருக்கள்.
வெல்வெட் முத்தம் என்று ஒன்று:
எழுத்துக்கு ஒரு வால், வாலுக்கு ஒரு சுழி,
சுழிக்குள் ஓர் இலை.
இன்னொன்று தூரிகையால் தீட்டியதாகப் பாசாங்கு.
ஒவ்வொரு a-வும் ஒரே இடத்தில் பிசிறடித்தது.
எந்தக் கை அப்படி எழுதும்?
ஏழாவதோ எட்டாவதோ, விலை இருபத்தொன்பது டாலர்.
எங்கள் மொழியில் குளவி என்று அடித்தேன்.
கடைசிக்கு முந்திய எழுத்து z.
அது வரிக்குக் கீழே இறங்கி, வளைந்து,
கூர்ந்து நின்றது.
மறுநாள் திரையில் விரலை வைத்து
"கொடுக்கு" என்றாள். "இதுதான்."

பிறகு அவள் பெயரை அடித்தேன்.
ő வரவேண்டிய இடத்தில்
வேறெங்கிருந்தோ இரவல் வந்த ஒரு மொட்டை எழுத்து
பட்டுடுத்திய வரிசையில் மழைக்கோட்டோடு நின்றது.
விற்ற பக்கத்தில் "ஐரோப்பிய மொழிகள் அனைத்தும்"
என்று போட்டிருந்தார்கள்.
எங்களை யாரும் எண்ணவில்லை போலும்.
இத்தனைக்கும் அந்த ஒற்றை எழுத்தே எங்களுக்கு ஒரு சொல்.
அவன் என்றாலும் அதுதான்,
அவள் என்றாலும் அதுதான்.

போன் எண் இன்னும் மோசம்.
ஒன்றுக்கும் ஏழுக்கும் ஒரே தொப்பி.
"யார் படிக்கப் போகிறார்கள் தெரியுமா?" என்றாள்.
"ஒரு கண் வீங்கி மூடிப்போனவன்.
அவன் முதலில் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிடவேண்டும், ஆனாலும்.
பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு
தோட்டத்திலிருந்து உள்ளே ஓடிவந்தவள்.
எண்ணை ரயில் நிலையக் கடிகாரம் மாதிரி போடுங்கள்.
பெயர் அழகாக இருக்கட்டும், எண் வேலை செய்யட்டும்."

போகும்போது மேஜையில் ஒரு கூட்டின் துண்டை வைத்துப் போனாள்.
"காலிதான், பயப்படாதீர்கள்."
அதுவும் காகிதம்.
வேலிக்கட்டையைச் சுரண்டி, மென்று, வரிவரியாக ஒட்டிய காகிதம்.
சாம்பல் வரி, பழுப்பு வரி,
திடீரென்று ஒரு நீலம்: யாரோ வேலிக்குப் புதிதாகச் சாயம் அடித்த வாரம்.
வளைவுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டே போயின,
எந்த இடத்திலும் கையெடுக்காமல் எழுதியதுபோல.
அதில் ஒரு சொல்லும் இல்லை.
ஏதாவது ஊர்ந்து வருமோ என்று
இரவு பத்துவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உரிமத்தைப் படித்தேன். மாற்றலாம், பன்னிரண்டாம் பத்தி.
எழுத்துருக் கோப்பைத் திறந்து
மேற்கோள் குறியிலிருந்து இரண்டு கீற்றைத் திருடினேன்.
மெலியவைத்து o-வின் தலையில் நிறுத்தினேன்.
விறைப்பாக நின்றன.
வலப்பக்கம் சாய்த்தேன், கொஞ்சம்,
இன்னும் கொஞ்சம்.
உணர்கொம்புகள்.
அடுத்து ű-வுக்கும்.
ஒரே பெயரில் இரண்டு குளவி உட்கார்ந்திருந்தன.
அவளிடம் நான் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.
பணத்தை ரொக்கமாகத் தந்தாள்.

முதல் வாரம் நான்கு அழைப்புகளாம்.
நான்காவது ஒரு பெண்.
ஜூனில் கல்யாணம், நூறு பத்திரிகை அச்சடிக்க எவ்வளவு ஆகும்?
"கல்யாணம் எங்கே, தோட்டத்திலா?"
என்று எமோகே கேட்டிருக்கிறாள்.
ஆமாம், ஆப்பிள் மரத்தடியில்.
"அப்படியென்றால்
சரியான இடத்துக்குத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள்."