மூன்றாம் அடுக்கு

வெள்ளிக்கிழமை மதியம்
கிள்ளான் துறைமுகத்திலிருந்து லாரி வந்தது.
பில்லில் ஏழு பெட்டி, இறங்கியது ஆறு.
ஏழாவது சுங்கத்தில் நிற்கிறதாம்.
"அது கடற்கொள்ளைக் கதைதானே,
கரையோரமே கொஞ்ச நாள் கிடக்கட்டும்"
என்றார் முதலாளி அமிர்தலிங்கம்.
அந்த மாதம் அவர் சிரித்தது அப்போதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் கடைக்கு
ஒரு பக்கம் பூமாலை, மறு பக்கம் கைப்பேசி ரிப்பேர்.
மோனோரயில் போகும்போதெல்லாம்
கண்ணாடிக்குள் அரசர்கள் லேசாக நடுங்குவார்கள்.
சரித்திரம் முதல் அடுக்கு,
சாகசம் இரண்டு, மர்மம் மூன்று.
மாயக்கதைகள் கீழே, தரையை ஒட்டி,
உட்கார்ந்து படிப்பவர்கள் அங்கேதான் வருகிறார்கள்.

யாழினி வருவாள், பள்ளிச் சீருடையோடு.
ஏழு நிலவுகள் உள்ள ராஜ்ஜியம் ஒன்று
சிரம்பான்காரர் ஒருவர் எழுதியது, புத்தம் புதிது,
வரைபடத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள்.
திருப்பி அனுப்பலாமா என்றேன்.
"வேணாங்கா, இப்பதான் எதிரி
நம்ம வீட்டுப் பக்கம் வந்திருக்கான்."

இதற்கிடையில் பென்சில்.

கேமரன் மலை, தேயிலை பங்களா, ஐந்து விருந்தாளிகள்,
ஒரு பிணம். அடுக்கில் வைத்து மூன்றே நாள்.
நாற்பத்தோராம் பக்க ஓரத்தில்
பொடி எழுத்தில் ஒருவர்:
சமையல்காரன்தான்.
எனக்கு வந்த கோபத்துக்கு
கோம்பாக் எல்.ஆர்.டியில் நின்றபடியே
இரண்டு இரவு படித்து முடித்தேன்.
பன்னிரண்டாம் அத்தியாயத்தில்
சமையல்காரனே செத்துப்போகிறான், பாவம்.

அடுத்த புத்தகத்தில்: டாக்டர்.
டாக்டர் தங்கமான மனிதர்.
அடுத்ததில்: தங்கச்சியைக் கவனி.
கவனித்தேன். கடைசிவரை அவள்
கல்யாணப் புடவை மட்டும்தான் தேடினாள்.
ஏழு புத்தகம், ஏழு தப்பு.

யாராக இருக்கும்?
தபால் இலாகாவில் ஓய்வுபெற்ற லூர்துசாமி,
நின்றே அரை நாவல் முடிப்பவர்.
கிராப் ஓட்டும் பொன்னுரங்கம்,
இரண்டு சவாரிகளுக்கு நடுவில் பத்து நிமிடம்.
காதில் பேனா செருகிய முதலாளி, பேனா மட்டும்தான்.
கேமரா கெட்டுப்போய் ஒரு வருடமாகிறது.
பார்க்கப்போனால்
கடையில் பென்சில் இருப்பது என் மேசையில் மட்டும்.

பிறகு அந்தச் சரித்திரப் புத்தகம்.
பெயர் மாறிப்போன ஒரு ரப்பர் தோட்டம்,
கெட்டி அட்டை, எழுபது ரிங்கிட்,
வந்ததில் பேசப்பட்டது இதுதான்.
இருநூற்று மூன்றாம் பக்கம்:
அவ்வாண்டு காய்ச்சலில் மாண்டோர் நாற்பத்தொருவர்.
அடுத்த வரியிலேயே ரப்பர் விலை ஏறுகிறது.
ஓரத்தில் அதே பொடி எழுத்து:
காய்ச்சல் இல்லை.

அழிப்பான் எடுத்தேன்.
இவன் என்றைக்குச் சரியாகச் சொன்னான்,
இது எட்டாவது தப்பு, அவ்வளவுதானே.
ஆனால் அந்த ஏழுக்கும் கடைசி அத்தியாயம் இருந்தது.
இதில் கடைசியில் இருப்பது
பொருளடைவு.
க வரிசையில் தேடினேன்:
காய்ச்சல், 203.
அடிக்குறிப்பில் போனால்
துரை எழுதிய அறிக்கை ஒன்று.
துரைக்கு அப்பால் பக்கமே இல்லை.

புத்தகத்தை எடுத்து
மூன்றாம் அடுக்கில் வைத்தேன்.
மறுநாள் முதலாளி முதல் அடுக்குக்கு மாற்றினார்.
நான் மூன்றுக்கு. அவர் ஒன்றுக்கு.
இருவரும் அதைப் பற்றி
ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

வாங்கியது பொன்னுரங்கம்.
மூன்றாம் அடுக்கிலிருந்துதான் எடுத்தார்.
"பென்சில் கிறுக்கல் இருக்கே தங்கச்சி,
அஞ்சு ரிங்கிட் குறைச்சுக்கயேன்."
குறைக்கவில்லை.
அதற்கும் சேர்த்துத்தான் விலை என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்,
பிறகு சவாரி வந்துவிட்டது.

திங்கள்கிழமை ஏழாவது பெட்டி வந்தது.
ஒரு மூலை உப்பில் நனைந்து
கடற்கொள்ளைக்காரர்கள் ஒருவரோடொருவர்
ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.
மின்விசிறிக்கு அடியில் பரப்பி
ஒவ்வொரு பக்கமாகப் பிரிக்கிறேன்.
ஓரங்களையும் பார்த்துக்கொண்டே.