ஏனையவை ஒன்று

போயா வெள்ளிக்கிழமையில் விழுந்தது.
வியாழன் பின்னேரம் கந்தோர் கதவு பூட்டிய சத்தம்
கிருலப்பனை வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.
அதன்பிறகுதான் வாளை முடுக்கியிருக்கிறார்கள்.

திங்கள் காலை நான் போனபோது
தகர வேலிக்குள்ளே
நேற்று வரை இல்லாத அளவு வானம்.

விண்ணப்பம் கையில்.
அகற்றப்படும் மரங்கள்: மா இரண்டு,
ஏனையவை ஒன்று.
ஏனையவை என்றொரு மரத்தை நான் கண்டதில்லை.
எந்த மாதம் காய்க்கும் அது?

சட்டம் பலாவைப் பெயர் சொல்லிக் கேட்கும்,
ஈரப்பலாவைக் கேட்கும்,
பனையிலே பெண்பனையை மட்டும் கேட்கும்.
பெயரை மாற்றி எழுதினால்
பேசாமல் இருந்துவிடும்.

பொறுப்பாளர் நிஸ்தார் தலைக்கவசம் நீட்டினார்.
எனக்குப் பெரிது, கண்ணை மறைத்தது.
"குப்பையைக் கொஞ்சம் கூட்டிக் கொளுத்தினோம் மிஸ்.
நுளம்புக்கு. டெங்கு நோட்டீஸ்
நீங்கதானே ஒட்டினது?"

எதிர் மாடியில் திருமதி பெரைரா
மூன்று நாளும் யன்னல் நீக்கலில்
ஈரத் துவாய் செருகி வைத்திருந்தார்.
அவருடைய முறைப்பாட்டில் ஒரு வரி:
கொடியில் கரி, மகனின் நெஞ்சில் விசில்.

ஓர் அறையளவு சாம்பல். அடியில் இன்னும் சூடு.
உருகிய ரெஜிபோம், ஒற்றைச் செருப்பு,
சிமெந்துப் பையின் பாதி எழுத்து.
நெஞ்சளவு உயரத்தில் சுற்றளவு என்று
படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
நாடாவை வெறுங்காற்றில்
வளைத்துப் பிடித்துப் பார்த்தேன்.
யாரும் சிரிக்கவில்லை.

மருதைவீரன், மஸ்கெலியாவில் இருந்து வந்தவன்,
கம்பியால் சாம்பலைக் கிளறி
எதையோ எடுத்து உள்ளங்கையில் உருட்டி ஊதினான்.
"பலாக்கொட்டை மேடம். நல்லா வெந்திருக்கு.
பதினேழு காய் நின்னுச்சு மரத்துல."

நிஸ்தார் தொலைபேசியைக் காதில் வைத்தார்.
அது அடிக்கவில்லை.

மூன்றை உறையில் இட்டு ஒட்டினேன்.
நாலாவதை உரித்துத் தின்றேன்.
காலையில் பாண் கூடச் சாப்பிடவில்லை,
அதனால்தான் என்று சொல்லலாம்.
மாவு, புகை, கடைசியில் மெல்லிய இனிப்பு.
அவன் பெயரை அறிக்கையில் எழுதவில்லை;
இங்கேயும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

மேலதிகாரி உறையைக் காதருகே குலுக்கினார்.
"மரம் பிரதேச செயலகத்தின் பாடு.
எங்களுக்குப் புகை மட்டும்தான்.
புகையைக் கண்ணால் கண்டீரா?"

இல்லை. மணந்தேன்.
என் சேலையில் இப்போதும் இருக்கிறது.

"அதற்குக் கட்டம் இல்லையே பிள்ளை."

மின்விசிறி தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.
மும்மொழிப் படிவத்தின் கடைசியில்
ஏனையவை என்று ஒரு கோடு,
ஒரு விரல் நீளம்.
அதிலே எழுதினேன்:

பலா ஒன்று. வயது தெரியாது.
கிடைத்த கொட்டை நான்கு.
சமர்ப்பிப்பது மூன்று.