தடம் எண் 42

முதல் தடவை அதை மூப்பு என்று நினைத்தேன்.
ஆறு வயசில் என்ன மூப்பு?
கடைசி வண்டியை டெப்போவில் விட்டுப் படியேறி வந்தால்
சில்லறை கதவுக்கு வரவில்லை.
பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே
முகத்தைத் திணித்துக்கொண்டு நின்றது,
ஸ்டாப்பைத் தவறவிட்ட பயணி மாதிரி.
பேரைச் சொன்னேன். திரும்பியது.
கண் என் பக்கம் இருந்தது,
பார்வை வேறெங்கோ.
பின்கால் இரண்டும்
பத்தரை மணி வண்டியில் ஏறுகிற குடிகாரனுடையவை.

அப்புறம் சாய்ந்தது.
மூன்றரை கிலோ.
பையிலிருந்து ஒரு காசு நழுவிய அளவுக்குத்தான் சத்தம்.

வேப்பேரியில் எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளாடு,
கூடைக்குள் ஒரு கிளி,
கழுத்தில் கூம்பு மாட்டிய ராஜபாளையம்.
டாக்டரம்மா காது மடலின் ஓரத்தைக் குத்தி
ஒரு பொட்டு ரத்தம் எடுத்தார்.
மெஷின் ஐந்து நொடி யோசித்து
நாற்பத்திரண்டு என்றது.
அது நான் பதினோரு வருஷமாக விசில் அடிக்கிற தடம்.
"சுகர் இறங்கியிருக்கு" என்றார்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ரெஜினா தொடையில் கிள்ளினாள்.

எங்கள் வீட்டில் அது ஏறித்தான் பழக்கம்.
என் ரிப்போர்ட் வந்த அன்றே
சர்க்கரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள்.
இப்போது அதில் வெந்தயம்.
பாயசம் என்பது கீழ்வீட்டு ஜன்னல் வாசனை.
அந்த வீட்டுக்குள்தான்
ஒரு தேன் பாட்டில் வந்து உட்கார்ந்தது,
பைபிளுக்குப் பக்கத்தில்,
சிவப்பு மையில் "நாய்க்கு மட்டும்" என்று.
அந்த "மட்டும்" எனக்கு எழுதியது.

குட்டிக்கு வந்தால் பசி என்று விடலாம்,
வளர்ந்த நாய்க்கு வந்தால் காரணம் தேடணும் என்றார்கள்.
தேடினார்கள்.
ஸ்கேனில், கணையத்தில், கடுகளவு நிழல்.
வெட்டி எடுக்கலாம், எழுந்திருக்குமா தெரியாது.
நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
மாத்திரை போதும் என்றோம்.

சுவரில் டைம்டேபிள்:
ஐந்து, ஒன்பது, ஒன்று, மறுபடி ஐந்து, ஒன்பது, ஒன்று.
கோழியும் சோறும், ஒரு கைக்குள் அடங்கும்.
பகல் ஒரு மணி டிரிப்பை
கீழ்வீட்டு அஃப்ரோஸ் ஓட்டுகிறான்.
காலேஜுக்கு மட்டம் போட ஒரு சாக்கு.
கம்பெனியில் இருக்கும் ரெஜினாவுக்குக்
காலிக் கிண்ணத்தைப் படம் எடுத்து அனுப்பிவிடுவான்.

நேற்று ராத்திரி மழை. கரண்ட் போய்
போனும் செத்து அலாரம் அடிக்கவில்லை.
மூன்று மணிக்கு என் கால்மாட்டில் கட்டில் நடுங்கியது.
டார்ச் வெளிச்சத்தில்
நான்கு கால்களும் படுத்தபடி ஓடிக்கொண்டிருந்தன.
ஊற்றாதே, மூச்சுக்குள் போய்விடும்.
விரலில் தொட்டு, உதட்டைத் தூக்கி,
ஈறில் மட்டும் தேய்.
பல்லுக்கு நடுவே விடாதே.
இதை நான் கேட்காத நாளின் தழும்பு
கட்டைவிரலில் இருக்கிறது.

தேய்த்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.
அதுதான் எனக்கு வராதது.
ஜெபம் ரெஜினாவின் இலாகா.
நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
பெரம்பூர். ஜமாலியா. ஓட்டேரி.
கால் ஓடுகிறது.
புரசைவாக்கம், இறங்குறவங்க முன்னாடி வாங்க.
இன்னொரு விரல் தேன்.
காது இன்னும் ஜில்லென்று.
டவுட்டன். நான் எப்போதும்
கொஞ்சம் அதிகமாக நிற்கிற ஸ்டாப்.
அங்கே நின்றேன்.

வால் ஒரு தடவை தரையைத் தட்டியது.
ஒரே ஒரு தடவை, சிங்கிள் விசில் போல.
பிறகு கண்ணுக்குள் அது திரும்பி வந்தது,
என்னைப் பார்த்து,
ஏன் இப்படிக் கத்துகிறாய் என்பது மாதிரி.

தேன் கைமாற்றுதான், சோறுதான் சம்பளம்.
கிண்ணத்தை வைத்தேன். நின்றபடியே தின்றது.
சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.
வலது விரல் இரண்டும் பிசுபிசுவென்று,
அறையெல்லாம் இனித்தது.

"கையைக் கழுவுங்க" என்றாள்
தூங்குவதாக நான் நினைத்திருந்தவள், இருட்டிலிருந்து.

கழுவினேன்.
ஒரு விரலை.