தொப்பூர் இறக்கத்தில் நாற்பது மீட்டர்

டேப்பின் ஒரு முனையை ஏட்டு மிதித்துக்கொள்கிறார்.
மறுமுனையோடு நான் நடக்கிறேன்.
தொப்பூர் இறக்கத்தில் அபூர்வமாய்
வளையாத இடம் இது.
இரண்டு கறுப்புக் கோடுகளும் வளையவில்லை.
நாற்பது மீட்டர்.

கோடு முடிகிற இடத்தில் லாரி,
அதன் மேல் பர்கூர் கருங்கல்.
பம்பரை ஒட்டி ஒரு டெம்போ,
உடைந்த பின்விளக்கு,
பாலக்கோட்டுத் தக்காளி இரண்டு பெட்டி, தாரில்.

“நாற்பதுலதான் வந்தேன் மேடம்.”
இது மாதையன், லாரி.
“பறந்து வந்தான்.”
இது முனிரத்தினம், டெம்போ.
இரண்டையும் எழுத என் படிவத்தில் அலகு இல்லை.

டோல் ரசீதின் முதுகில் கணக்குப் போடுகிறேன்.
சரிவுக்கு விட்டது போக
நொடிக்கு ஐந்து ஐந்தாய் இறங்கியிருக்கும் வேகம்:
இருபது, பதினைந்து, பத்து,
ஐந்து,
சுழி.
நான்கு நொடி.
நொடிக்கு இருபது மீட்டர் என்பது
மணிக்கு எழுபத்திரண்டு.
மாதையன் வானத்தைப் பார்க்கிறார்.

ஆனால் கோடு தொடங்கும் முன் ஒரு நொடி உண்டு.
கண் டெம்போவைப் பார்த்த பிறகு
கால் பிரேக்கைத் தேடிப் போன நொடி.
அந்த நொடியில் லாரி கூடவில்லை, குறையவில்லை,
ஒரே சீராய் இருபது மீட்டர் வந்திருக்கிறது.
சாலையில் அதற்குத் தடம் கிடையாது.
இருந்தும் மேலே நடந்து பார்க்கிறேன்.
எருக்கஞ்செடி. அணைந்த பீடி.
வெறும் தார்.

இதற்குள் ஒரு குரங்கு
கைச்சுவரிலிருந்து வந்து தக்காளி எடுத்து
அதே கைச்சுவருக்குப் போய்விட்டது.
கடந்த தூரம் பதினாறு மீட்டர்,
இடப்பெயர்ச்சி எதுவுமில்லை,
வாயில் தக்காளி.

யாரும் கேட்காத இன்னொரு கணக்கையும் போட்டேன்.
எண்பதில் வந்திருந்தால்?
அதே பிரேக், அதே சாலை, அதே ஒரு நொடி.
டெம்போவைத் தொடும்போது
லாரியிடம் மிச்சமிருக்கும் வேகம்
ஏறக்குறைய நாற்பது.
அப்போது முன்சக்கரத்தடியில் குந்தி
ஜாக்கி வைத்துக்கொண்டிருந்தவர் முனிரத்தினம்.

ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
படிவத்தில் எழுபத்திரண்டு மட்டும் எழுதினேன்.

மாதையனின் போன் அடிக்கிறது.
எங்கே என்று கேட்கிறாள் போலிருக்கிறது ஒருத்தி.
“தொப்பூர்லதான்” என்கிறார்,
கை இன்னும் நடுங்குகிறது,
“இல்ல, ஓட்டல.
நின்னுட்டேன்.
நின்னுட்டேன்னு சொல்றேன் இல்ல.”