முழங்காலுக்கு எத்தனை சென்டிமீட்டர்

நிலவு சொன்ன சொல் தவறாது.
அடுத்த ஆடியில் எந்தப் பகல், எத்தனை மணிக்கு
மாஹிம் கழிமுகம் நிறையும் என்று
இன்றைக்கே எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

காற்று அப்படியில்லை.
அதன் அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால்
கடல் ஒரு சென்டிமீட்டர் எழும்,
உட்கார்ந்தவர் எழுந்து போனதும்
மெத்தை மெல்ல எழுவதுபோல.
யார் எப்போது எழுவார் என்பதுதான் என் வேலை.
கொலாபாவில் மூன்று திரைகள், ஒரு நாற்காலி,
ஆறிய தேநீர்.

போன ஜூலையில் நான் அனுப்பிய செய்தி:
‘கடல்மட்டம் 4.9 மீட்டர் வரை உயரக்கூடும்.
தாழ்வான பகுதியினர் எச்சரிக்கையாக இருக்கவும்.’
மராத்தியில் போனது. இந்தியில் போனது.
தமிழில் போனபோது
எழுத்தெல்லாம் வெறும் கட்டங்களாக உடைந்து
தாராவியில் போய் விழுந்தது.

சயான் ஸ்டேஷன் வாசலில் நான் தின்னும் இட்லி
பாக்கியத்தாய் அவித்தது.
கடையைத் தேடிப் போனேன்.
கிரைண்டரைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:
‘நாலு புள்ளி ஒம்பதுன்னா
என் வீட்டுல எதுவரைக்கும் வரும்னு சொல்லுத?’

எனக்குத் தெரியவில்லை.
ஆயிரம் கோடி கணக்குப் போடும் எந்திரத்துக்கும்
தெரியவில்லை.

‘ஒரு தடவை உன் ஆபீஸ் பேச்சைக் கேட்டு
அரிசியே ஊறப்போடலை.
வானம் வெளுத்துக் கெடந்துச்சு.
அன்னைக்கு நாப்பது கிலோ யாவாரம் போச்சு.
மறு தடவை நம்பலை.
மத்தியானம் சாக்கடை வழியா ஏறுச்சு பாரு,
மூட்டையோட.’
புலி வருது என்று அவள் சொல்லவில்லை.
அந்தக் கதையை நான்தான் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை டேப்பும் சுண்ணாம்புக்கட்டியும்
எடுத்துப் போனேன்.
வாசற்படி: பதினான்கு.
கிரைண்டர் மோட்டார்: முப்பத்தொன்று.
எதிர்வீட்டு அன்வர் தையல் மிஷினின் மிதிகட்டை: ஒன்பது.
அவர் மகள் நஸ்ரீன் ஓடிவந்து நின்றாள்;
முழங்கால்: முப்பத்தாறு.
‘அடுத்த வருஷம் மாறிடுமே’ என்றாள்.
அதையும் குறித்தேன்.

சந்து சந்தாக, மழை கழியும் வழியையும்
ஓதம் எதிர்த்து ஏறும் வழியையும்
ஒரே கோட்டில் வரைந்தபோது
வரைபடம் முதல்முறையாக
ஊர்போல் தெரிந்தது.

ஆகஸ்டில், அமாவாசைக்கு மறுநாளுக்காக எழுதினேன்:
‘நாளை பகல் பன்னிரண்டே முக்கால்.
கிரைண்டர் மோட்டார் நனையலாம்.
இப்படிப்பட்ட நாட்கள் பத்தில் ஆறில்
நனையும்; நாலில் நனையாது.’

மேலதிகாரி குல்கர்ணி கண்ணாடியைக் கழற்றினார்.
அரசாங்கச் செய்தியில் கிரைண்டரா?
அந்த வரியை அடித்தார்.
பத்தில் ஆறையும் அடித்தார்;
மக்கள் குழம்புவார்களாம்.
மிச்சமிருந்தது: எச்சரிக்கையாக இருக்கவும்.

படியிறங்கி, தெருவில் நின்று,
என் கைப்பேசியில் அவளைக் கூப்பிட்டேன்.
பத்துக்கு ஆறு என்றதும்
ஒரு மூச்சு நேரம் பேச்சில்லை.
பின்னால் அடுப்பு சீறும் சத்தம்.
‘அப்ப பாதி அரிசி ஊறப்போடுதேன்.
மோட்டாரைக் கழத்தி பரண்ல வச்சிருதேன்.’

குழம்பவில்லை.
சீட்டுப் பிடிப்பவளுக்கு
பத்துக்கு ஆறு என்றால் என்னவென்று
குல்கர்ணிக்கும் எனக்கும் முன்பே தெரியும்.

மறுநாள் என் திரையில்
தென்மேற்குக் காற்று சொன்னபடி வளைந்தது,
மித்தி கடலுக்குள் போக முடியாமல்
கதவருகே நின்ற ஆள்போல் திரும்பியது.
பன்னிரண்டே முக்கால் கடந்தது.
ஒன்றரை.
அழைப்பு இல்லை.
மூன்று மணிக்கு வந்தது:

‘வந்துச்சு. மோட்டார் இருந்த எடத்தைத் தாண்டி
ஒரு விரக்கடை.
உன் கணக்குல அவ்வளவு கொறைச்சல்.’

விரற்கடை என்றால் இரண்டு சென்டிமீட்டர்.
பிழை என்ற பத்தியில் அதை எழுதினேன்;
அவள் பெயரை எழுத அங்கே இடம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்.

‘சரி’ என்றாள், தண்ணீரைப் பெருக்கித் தள்ளிக்கொண்டே,
‘நாளைக்கு?’